சுடலையின் தூக்கம்

சாரல் காலத்தில் அந்தக் குளத்துக்கு மறுகரை கிடையாது. காலையில் மலையிலிருந்து இறங்கும் மேகம் தண்ணீரின் மேல் படுத்துக்கொள்ளும். உச்சிப்பொழுது வரை எழுந்திருக்காது. கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது.

அந்த மேகத்துக்குள் ஒரு பரிசல் போய்க்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டவர் பெயர் தாண்டவராயன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு இந்த மலையின் அருவியில் குளிக்க வந்தார். குளித்தார். ஊருக்குத் திரும்பவில்லை. குளத்தின் அக்கரையில் குடிசை போட்டிருந்த ஓர் அம்மாவிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. தலையில் ஒரு நரை இல்லை. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அக்கரையம்மா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

சேர்ந்த அன்று தாண்டவராயன், "எனக்கு ஏதாவது மந்திரம் சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

"அந்தக் கரையில புள்ளைக இருக்கு. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் அம்மா.

அதுதான் மந்திரம். அன்றிலிருந்து அக்கரையம்மா பெயரில் நடந்த விடுதிப் பள்ளியை அவர் பார்த்துக்கொண்டார். மலையடிவாரத்துப் பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். மனதில் ஏதாவது புரண்டால் பரிசலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வருவார். இன்றும் அப்படித்தான் வந்தார்.

அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு நெஞ்சுல உரமே இல்ல. தொட்டாச்சிணுங்கி மாதிரி இருக்கானுவ. இவனுவள எப்படித் தேத்துறது?"

"யாரு சுருங்குனது?"

"சுடலைன்னு ஒரு பையன்."

"சொல்லுங்க."

தாண்டவராயன் தரையில் உட்கார்ந்து சொன்னார்.

சுடலை இந்த வருடம்தான் பள்ளிக்கு வந்தவன். ஒல்லியான பையன். பகலில் அதிகம் பேச மாட்டான். தூங்கினால் பேசுவான். எப்போதும் ஒரே பேச்சுதான். "கதவத் தொறந்து வையி, நான் வாரேன்." யாரையோ கெஞ்சுவது போல, அதே நேரம் ஓடி வருகிறவனுக்கு மூச்சு வாங்குவது போலச் சொல்வான்.

கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் பையன்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அவர்களில் பேச்சிமுத்து என்று ஒருவன். எந்தக் குரலையும் தொண்டைக்குள் கொண்டுவந்துவிடுவான். குயில், கௌதாரி, மலைப்பாதையில் வளையும் பஸ்ஸின் ஹாரன், தாண்டவராயன் இருமுவது, எல்லாம் வரும். அவன் ஒரு நாள் காலை சாப்பாட்டு வரிசையில் சுடலையின் குரலில் சொன்னான்.

"கதவத் தொறந்து வையி, நான் வாரேன்."

கூடமே சிரித்தது. அதோடு அது பிடித்துக்கொண்டது. சுடலை வகுப்புக்குள் நுழைந்தால் சொன்னார்கள். குளிக்கப் போனால் சொன்னார்கள். கழிவறைக்குப் போனால் வரிசையே சேர்ந்து சொன்னது.

சுடலை யாரிடமும் முறையிடவில்லை. தூங்காமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்தான். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண் சொருகினால் எழுந்து சுவரில் சாய்ந்து நிற்பான். முகம் வெளுத்துப் போனது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து கீழே வழிந்து கோடாகும்.

நேற்று, சாப்பிட்ட தட்டைப் படித்துறையில் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே கண் மூடிவிட்டான். தட்டு முதலில் போனது. பின்னால் அவன் போனான். செண்பகவல்லி டீச்சர் பார்த்துவிட்டுச் சேலையோடு இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஈரத்தோட எங்கிட்ட வந்து நிக்காங்க. இன்னைக்கே விதி போடணுமாம். யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது. பண்ணுனா வீட்டுக்கு அனுப்பிரணும். இல்லன்னா அவங்க கெளம்பிருவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? என்னையும்தான் கேலி பண்ணுனாங்க. பட்டாளத்துல எனக்குக் கொக்குன்னுதான் பேரு. காலு நீளம் பாருங்க. வருசக்கணக்கா அப்படித்தான் கூப்புட்டாங்க. நான் செத்தா போயிட்டேன்? அதுலதான் தேறுனேன்."

அம்மா ஒரு மொச்சையைப் பிதுக்கினார்.

"அந்தப் பேர வச்சது யாரு?"

"மாதவன் நாயர்னு ஒருத்தரு." பெயரைச் சொன்னதும் தாண்டவராயனின் முகம் இளகியது. "பனிமலைல எனக்குக் காய்ச்சல் கண்டு நெனவில்லாம கெடந்தேன். தோள்ல போட்டுத் தூக்கிட்டு எறங்குனாரு. வழியெல்லாம், கொக்கே, சாவாதே கொக்கே, சாவாதேன்னு சொல்லிக்கிட்டே வந்தாராம். மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அவரு தவிர வேற யாரும் கூப்புட்டாங்களா?"

"எங்க கூட்டாளிங்க எல்லாரும் கூப்புடுவாங்க. ஒருநா, புதுசா மாத்தலாகி வந்த ஒருத்தன் கூப்புட்டான்."

"என்ன செஞ்சீங்க?"

தாண்டவராயன் சற்றுத் தயங்கினார். "பல்ல ஒடச்சிட்டேன்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மடியில் இருந்த மொச்சைகள் குலுங்கின.

"சிரிக்காதீங்கம்மா. விதி போடவா, வேண்டாமா?"

"டீச்சர் கழுத்தளவு தண்ணியில எறங்கியிருக்காங்க. அவங்க சொல்லுறதக் கேளுங்க."

தாண்டவராயன் திரும்பினார். மனம் இல்லாமல்தான். மறுநாள் காலை பையன்களை வரிசையில் நிறுத்தினார்.

"இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல எவனும் எவனையும் கேலி பண்ணக் கூடாது. பட்டப்பேரு கூடாது. ஒருத்தன் பேசுறது மாதிரி இன்னொருத்தன் பேசிக் காட்டக் கூடாது. மீறுனா அன்னைக்கே பெட்டியக் கட்டிற வேண்டியதுதான்."

அவர் சொன்னால் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேலி நின்றது. அன்றே நின்றது. செண்பகவல்லி டீச்சருக்கு நிம்மதி. சுடலை அன்று படுத்த உடனே தூங்கிப்போனான்.

மெல்ல மெல்லக் கூடம் மாறியது. சுடலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்தவர்கள் பாயைத் தள்ளிப் போட்டார்கள். அவன் பேச்சைக் கேட்டால் பகலில் வாய் தவறி வந்துவிடுமோ என்று பயம். சாப்பாட்டு வரிசையில் அவனுக்கு முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் ஓர் இடைவெளி. அவன் பந்தைத் தவறவிட்டால் யாரும் திட்டவில்லை. அடித்தால் யாரும் கத்தவில்லை. அவன் பக்கம் பந்து போடுவதையே விட்டுவிட்டார்கள்.

பேச்சிமுத்து குயில் சத்தத்தையும் நிறுத்திக்கொண்டான்.

"ஏம்ல, குயில யாரும் வேண்டாம்னு சொல்லலியே" என்றார் தாண்டவராயன்.

"கறுப்பா இருக்கவன் எவனாவது தன்னையத்தான் சொல்லுதேன்னு நெனச்சுட்டா?" என்றான் பேச்சிமுத்து.

மலையில் மேகம் இறங்குவது போல அந்தப் பள்ளிக்குள் ஒரு சத்தமின்மை இறங்கியது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளின் ஓசை மட்டும் கேட்டது. செண்பகவல்லி டீச்சரே பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு நாள் மதியம் சுடலை தாண்டவராயனின் அறை வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எங்கூடப் பேசக் கூடாதுன்னு விதி போட்டுருக்கீங்களா?"

"அப்படிப் போடலியே."

"அப்போ ஏன் யாரும் பேச மாட்டேங்காங்க?"

பதில் வராதபோது தாண்டவராயனுக்குக் கோபம் வரும். "விதின்னா விதி. போய்ப் படி" என்றார்.

பையன் போனான். அவர் பரிசலை எடுத்தார்.

அக்கரையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். குடிசைக்கு முன்னால் புன்னை மரம். அதன் கீழே பாய். சாரல் இலைகளில் விழுந்து, சேர்ந்து, பெருஞ்சொட்டாக எங்கோ ஒன்று விழுந்தது. அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சிறுபிள்ளை போலத் தூங்கினார். இடையில் அவர் உதடுகள் அசைந்தன. ஏதோ சொன்னார்.

பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்த தாண்டவராயன் எழுந்தார். தள்ளிப் போய்த் தண்ணீர் ஓரத்தில், அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் கொஞ்சம் தூங்கினாரோ என்னவோ. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. விழித்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"வந்து நேரமாச்சா அண்ணாச்சி?"

"கொஞ்சம் நேரமாச்சு."

"மரத்தடியில உக்காராம ஏன் ஈரத்துல வந்து உக்காந்திருக்கீங்க?"

"தூக்கத்துல ஏதோ பேசுனீங்க."

"என்ன பேசுனேன்?"

"கேக்கல. கேட்டுறக் கூடாதுன்னுதான் இங்க வந்தேன்."

அம்மா அவரையே பார்த்தார். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"விதியால எல்லாம் கெட்டுப் போச்சும்மா" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். பாய்கள் விலகியதை, குயில் நின்றதை, பையன் வந்து கேட்டதை. "நான் அப்பவே சொன்னேன். இதெல்லாம் விதி போட்டுத் தீருற காரியம் இல்ல. எடுத்துறட்டா?"

"அந்தப் பையன் ஒண்ணு கேட்டான்லா? அதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"பதிலா? போய்ப் படின்னேன்."

"போய் அவனுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி."

தாண்டவராயன் துடுப்பை எடுத்தார். வழியெல்லாம் யோசித்தார். சரி, விதியை எடுப்பதுதான் பதில் என்று தீர்மானித்துக்கொண்டார்.

அன்று மாலை பையன்களை மீண்டும் வரிசையில் நிறுத்தினார். விதியை நீக்குவதாகச் சொன்னார். பிறகு இரும்பைப் பற்றிப் பேசினார். அடிக்க அடிக்கத்தான் அரிவாள் ஆகும் என்றார். சுடலை வரிசையின் ஓரத்தில் நின்று கேட்டான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு அவர் எதுவும் பேசவில்லை.

செண்பகவல்லி டீச்சர் அவர் பின்னாலேயே அறைக்கு வந்தார்.

"ஐயா, விதிய எடுத்துட்டீங்க. நாளைக்கு அவன் எங்க போவான்?"

"நீங்களே பாத்தீங்கள்லா டீச்சர், விதி போட்டும் அவன் தனியாத்தான கெடந்தான்?"

"பாத்தேன். அதனாலதான் கேக்குதேன். ரெண்டுல ஒண்ணுதான் இருக்கா? ஒண்ணு கடிச்சுத் திங்கணும், இல்லன்னா தொடவே கூடாதா?"

"உரம் வேணும் டீச்சர். வெளிய உலகம் இதவிட மோசம்."

"அத வெளிய போய்ப் பாத்துக்கிடட்டும். இப்ப இங்கதான இருக்கான்?"

அவருக்குக் கோபம் வந்தது.

இரவுச் சாப்பாட்டில் ஒரு மூலையிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "கதவத் தொறந்து வையி." அடுத்த மூலை பதில் சொன்னது. அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. கடைசியாகப் பேச்சிமுத்து சொன்னான். மற்றவர்கள் சொன்னது கேலி போல இருந்தது. அவன் சொன்னது சுடலையே சொன்னது போல இருந்தது. மூச்சு வாங்குவது கூட அப்படியே.

சுடலை சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான்.

"பாத்தீங்களா, தேறிட்டான்" என்றார் தாண்டவராயன்.

செண்பகவல்லி டீச்சர் எழுந்து போனார்.

காலையில் சுடலையின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் இல்லை. படித்துறையில் பரிசலும் இல்லை. கட்டியிருந்த இடத்தில் அறுந்த கயிறு எதுவும் இல்லை. முடிச்சு பொறுமையாக அவிழ்க்கப்பட்டு, கயிறும் பரிசலோடு போயிருந்தது.

தாண்டவராயன் மணியை அடிக்கச் சொன்னார். பையன்கள் கரையோரம் ஓடினார்கள். மேகம் அவர்களுடைய முழங்கால் வரை வந்து நின்றது. கூப்பிட்ட குரல்கள் எல்லாத் திசையிலிருந்தும் திரும்பி வந்தன. இவற்றுக்கு அப்பால் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. அங்கே தண்ணீர் கரையைத் தாண்டிப் பாறைகளில் விழும். மாடு விழுந்தாலும் மிஞ்சாது.

"எங்க போயிருப்பான்? வீட்டுக்குப் போகப் பாத்தானா?" என்றார் தாண்டவராயன்.

"எந்த வீட்டுக்கு ஐயா?" செண்பகவல்லி டீச்சரின் குரல் உடைந்தது. "அவங்க அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டாங்க. அப்பா இல்ல. வீடு பூட்டிக் கெடக்கு. ஊருக்குப் போனா அந்தக் கதவத்தான் பாத்துட்டு வரணும்."

சுற்றி நின்ற பையன்கள் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச்சிமுத்துவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தாண்டவராயன் அவனைப் பார்த்தார். "நீ போய்ப் பெட்டியக் கட்டுலே" என்றார். "இனி நீ இங்க இருக்கக் கூடாது."

அப்போது மேகத்துக்குள்ளிருந்து ஒரு பரிசல் வந்தது. மணிச்சத்தம் கேட்டு அக்கரையம்மா வந்துகொண்டிருந்தார். கரையேறினார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். துடுப்பைத் தாண்டவராயன் கையில் கொடுத்தார்.

"கூட ஒரு ஆள் வேணும்" என்றார் தாண்டவராயன்.

அம்மா கூட்டத்தைப் பார்த்தார். "அவன் மாதிரிப் பேசுறது யாரு?"

பையன்கள் விலகினார்கள். பேச்சிமுத்து தனியாக நின்றான்.

"இவன ஏத்திக்கிடுங்க."

"இவனையாம்மா? இவனாலதான்..."

"ஏத்திக்கிடுங்க அண்ணாச்சி."

பரிசல் கரையை விட்டது. கொஞ்ச தூரத்தில் கரை மறைந்தது. பிறகு திசை மறைந்தது. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. பரிசல் ஓர் இடத்தில் நிற்பது போலவும், அதே நேரம் சுழல்வது போலவும் இருந்தது. தாண்டவராயன் பட்டாளத்துக் குரலில் கூப்பிட்டார். "சுடலே! ஏலே சுடலே!"

"கத்தாதீங்க ஐயா" என்றான் பேச்சிமுத்து.

"என்னலே?"

"மணியையும் நிறுத்தணும். எனக்குக் கேக்கணும்."

அவர் பின்பக்கம் திரும்பி, மணியை நிறுத்தச் சொல்லி ஒரு முறை கத்தினார். சற்று நேரத்தில் மணி நின்றது. தண்ணீரின் இரைச்சல் மட்டும் இருந்தது. பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். தலையைச் சாய்த்தான். அவன் முகம் வேறு யாருடைய முகமோ போல ஆனது.

"அந்தப் பக்கம்" என்றான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"பேசுதான் ஐயா. தூங்குதான்."

அவர் துடுப்புப் போட்டார். பேச்சிமுத்து கை காட்டிய பக்கமெல்லாம் போட்டார். இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் பரிசலைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது. அப்போது அவருக்கும் கேட்டது. மிக மெல்லியதாக, யாரிடமோ கெஞ்சும் குரல். "கதவத் தொறந்து வையி, நான் வாரேன்."

மேகத்துக்குள் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. பரிசலுக்குள் சுருண்டு படுத்திருந்தான் சுடலை. மெல்லச் சுழன்றபடி மறுகாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது பரிசல். யார் காதிலும் விழாத இடத்தில் கொஞ்சம் தூங்கலாம் என்று போனவன், தூங்கிவிட்டிருந்தான்.

தாண்டவராயன் வாயைத் திறந்தார். பேச்சிமுத்து அவர் கையைப் பிடித்தான்.

"திடுக்குன்னு எந்திரிச்சு நின்னான்னா கவுந்துரும் ஐயா."

சுடலையின் உடல் அசைந்தது. ஒரு கால் பரிசலின் விளிம்புக்கு மேல் வந்தது. "கதவத் தொறந்து வையி" என்றான் மறுபடியும். இம்முறை அழுகை கலந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான்.

பேச்சிமுத்து குனிந்து, தண்ணீரோடு பேசுவது போலத் தணிந்து சொன்னான்.

"தொறந்துதான் கெடக்கு."

அது யாருடைய குரலும் இல்லை. தாண்டவராயன் அவனுடைய எல்லாக் குரல்களையும் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை.

சுடலையின் கால் உள்ளே போனது. ஒரு பெருமூச்சு வந்தது. முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான்.

தாண்டவராயன் துடுப்பை நீட்டி, அதன் விளிம்பில் மாட்டி இழுத்தார். பேச்சிமுத்து அந்தப் பரிசலின் கயிற்றைப் பிடித்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தோள்கள் எரிந்தன. இரைச்சல் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றது போலிருந்தது. பிறகு மெதுவாகப் பின்னால் போனது.

நீர் அமைதியான இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கினார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். ஒனக்கு மட்டும் எப்படிலே கேட்டுச்சு?"

பேச்சிமுத்து அவரைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவன மாதிரிச் செய்யணும்னா கேட்டுக்கிட்டே இருக்கணும்லா ஐயா? எல்லாரும் தூங்குன பெறவும் கேட்டுக்கிட்டே கெடப்பேன். எத்தனையோ தரம் செஞ்சு பாத்தேன். கடேசியில ஒரு கெஞ்சல் வரும்லா, அது மட்டும் வராது." கயிற்றை இறுக்கிக்கொண்டான். "சிரிப்பு வருமேன்னுதான் கேட்டேன். என்னத்தச் சொல்லுதான்னு கேக்கல."

தாண்டவராயன் கரையை நோக்கித் துடுப்புப் போட்டார்.

கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பரிசல் மணலைத் தொட்டது. செண்பகவல்லி டீச்சர் ஓடி வந்து பையனின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு நிதானமாக வந்தது. அவர் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பையன்கள் பரிசலைச் சுற்றி நெருங்கினார்கள். "எழுப்பவா?" என்று கண்ணால் கேட்டான் ஒருவன். அக்கரையம்மா தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

உச்சிப்பொழுது நெருங்கியது. மேகம் தண்ணீரை விட்டு எழுந்தது. மறுகரை முதலில் நிழலாகவும் பிறகு மரமாகவும் தெரிந்தது. நாள்கணக்கில் காணாத வெயில் திடீரென்று வந்து சுடலையின் முகத்தில் விழுந்தது. அவன் இமைகள் சுருங்கின. அவன் தலைமாட்டில் நின்றிருந்த ஒருவன் ஓரடி தள்ளி நின்றான். நிழல் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்றவனும் நகர்ந்து அவனோடு சேர்ந்து நின்றான். சூரியன் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பேச்சிமுத்து பரிசலில் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்திருந்தான். இடுப்புக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

தாண்டவராயன் இதையெல்லாம் பார்த்தாரா தெரியாது. நேரே அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, எனக்கு இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிருங்க. விதி போட்டேன், புள்ளைக ஊமையாப் போச்சு. விதிய எடுத்தேன், ஒரு உயிரு போகப் பாத்துச்சு. இனி நான் என்னத்தச் செய்ய? போடவா, வேண்டாமா? டீச்சர் கேக்காங்க. நாளைக்கு இவன் வெளிய போயி நாலு பேரு நடுவுல நிக்கணும்லா? இந்தப் புள்ளைக்கு நெஞ்சுல உரம் எப்பம்மா வரும்? எப்படி வரும்?"

பேசப் பேசக் குரல் ஏறியது. கடைசிக் கேள்வி மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அக்கரையம்மா உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா அண்ணாச்சி. புள்ள தூங்குதான்."